அடைபட்ட காற்றும் அதற்கொரு வாயிலும்



வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களும் கோட்டைகளும் நம் மனக்கண்முன் வந்து நிற்பது இயல்பு. கொத்மலைக்கும் அத்தகைய வரலாறு உண்டு. இளவரசனாயிருந்த துட்டகைமுனு தந்தையின் சினத்துக்கு அஞ்சி மறைந்துறைந்த இடம் இம்மலைப்பகுதியே என்பது வழிவழி வந்த செய்தி. ஆயினும் இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அரசர்களைப் பற்றியதன்று. உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு பித்தளைத் துண்டைப் பற்றியது. காற்றையோ நீராவியையோ அடைத்துவைக்கும் கலத்தின் உச்சியிலே பொருத்தப்படுவது அது. உள்ளே அமுக்கம் மிகுந்தால் தானாகத் திறந்து, மிகுதியை வெளியே விட்டு, மறுபடியும் தானாக மூடிக்கொள்ளும். காப்பு வால்வு என்பது ஏட்டுவழக்கு. சேப்டி வால்வு என்றுதான் எங்கள் தோட்டத்து மக்கள் சொல்வார்கள்.

யான் கலைப்பட்டதாரி; இயந்திர நூல் முறையாகக் கற்றவனல்லன். என் தந்தையார் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் எஞ்சின் அறையிலே வாழ்நாளெல்லாம் பணிபுரிந்தவர். இப்பொருளில் எனக்குள்ள உரிமை அவ்வளவே.

இந்த வால்வின் கதை பிரான்சு நாட்டவரான தெனி பாப்பேன் என்னும் அறிஞரோடு தொடங்குகிறது. அவர் இலண்டனிலே வாழ்ந்தபோது, 1679ஆம் ஆண்டில், இறுக மூடிய ஓர் இரும்புப் பானையைச் செய்து வேத்தியற் கழகத்தாருக்குக் காட்டினார். எலும்பையும் மென்மையாக வேகவைத்துவிடும் பானை அது. நம் இல்லங்களிலே சீழ்க்கையடிக்கும் பிரஷர் குக்கருக்கு அதுவே பாட்டன் எனலாம். ஆனால் மூடிய பானையில் ஆவி மிகுந்தால் பானை வெடிக்கும். அதற்கு மாற்றாக மூடியிலே ஒரு துளையிட்டு, துளையை ஓர் அடைப்பால் மூடி, அடைப்பின்மேல் ஒரு நெம்புகோலைக் கிடத்தி, நெம்புகோலின் நுனிப்பக்கத்திலே ஓர் எடைக்கல்லைத் தொங்கவிட்டார் பாப்பேன். உள்ளிருக்கும் ஆவி அந்தக் கல்லின் பாரத்தை வென்றால் அடைப்பு எழும், ஆவி வெளியேறும், பானை பிழைக்கும்.

இந்த அமைப்பை மனத்திலே காண்பது மலையகத்தாருக்குக் கடினமன்று. நம் முன்னோர் பண்டம் நிறுத்த வெள்ளிக்கோலை நினைத்துப் பாருங்கள். கோலின்மேல் குண்டை அருகே நகர்த்தினால் ஒரு நிறை. தொலைவே நகர்த்தினால் மற்றொரு நிறை. பாப்பேனின் வால்வும் அவ்வாறே. எடைக்கல்லை நெம்புகோலின் நுனிநோக்கி இரண்டு விரற்கடை தள்ளினாற் போதும். பானைக்குள்ளே இன்னும் அதிக ஆவி அடைபட்டு நிற்கும். கொழுந்து நிறுக்கும் இடத்திலே தராசைப் பற்றி எத்தனை பூசல் நிகழ்ந்திருக்கின்றது என்பதைத் தோட்டத்திலே பிறந்தவர் எவரும் அறிவர். தராசு உள்ள இடத்திலெல்லாம் அதன் குண்டைத் தன் பக்கம் நகர்த்தவேண்டும் என்னும் ஆசையும் உண்டு. காப்பு வால்வு பிறக்கும்போதே அந்த ஆசையையும் கூடவே கொண்டு பிறந்தது.

அதனைக் காட்டும் நிகழ்ச்சி 1803ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே இலண்டனை அடுத்த கிறீன்விச்சில் நடந்தது. உயர் அமுக்க நீராவிப் பொறியை அமைத்தவர்களுள் முதன்மையானவர் றிச்சர்ட் திரெவிதிக். அவருடைய பொறியொன்று அங்கே நீர் இறைத்துக்கொண்டிருந்தது. அதனைக் கவனிக்க ஒரு சிறுவனை வைத்திருந்தார்கள். சிறுவன் கட்டடத்தின் அத்திவாரக் குழியிலே விலாங்கு மீன் பிடிக்கப் போய்விட்டான். பொறியை ஒரு கூலியாளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். பொறி வழக்கத்தைவிட விரைவாக ஓடுவதைக் கண்ட அந்த ஆள் அதனை நிறுத்தினான். ஆனால் ஆவியை விடும் நெம்புகோலை இறுக்கிப் பிடித்திருந்த ஒரு திருகுச்சாவியை அவன் எடுக்கவில்லை. நின்ற பொறியிலே ஆவி செல்ல வழியில்லை. சற்று நேரத்தில் கொதிகலம் வெடித்தது. நால்வர் உயிரிழந்தனர்.

திரெவிதிக் அதன்பின் செய்ததுதான் நம் கவனத்துக்கு உரியது. கூலியாளைக் குறை சொல்வதோடு அவர் நின்றுவிடவில்லை. கொதிகலத்துக்கு இரண்டு வால்வுகளை வைத்தார். அவற்றுள் ஒன்று பொறியோட்டியின் கைக்கு எட்டாதபடி அமைந்தது. வெப்பம் மிகுந்தால் உருகி வழிவிடும் ஈய அடைப்பொன்றையும் சேர்த்தார். மனிதன் மறப்பான், அவசரப்படுவான், மீன் பிடிக்கப் போவான் என்பதை ஏற்றுக்கொண்டு பொறியை அமைப்பது என்னும் நெறி அன்று தோன்றியதாகக் கொள்ளலாம். பின்னர் 1850களிலே புகையிரத எஞ்சின்களுக்கென ஜோன் றாம்ஸ்பொட்டம் ஒரு வால்வை வகுத்தார். ஒரே வில்லால் பிணைக்கப்பட்ட இரட்டை வால்வு அது. அதன் கைப்பிடியை எப்பக்கம் அழுத்தினாலும் ஏதேனும் ஒரு வால்வு எளிதாகத் திறக்குமேயன்றி, இரண்டையும் இறுக்க முடியாது. குண்டை நகர்த்த விரும்பும் கைக்கும் குண்டுக்கும் இடையிலே ஒரு வேலியிடும் முயற்சியே அந்த நூற்றாண்டு முழுவதும் நடந்தது எனலாம்.

இதுவரை சொன்னது ஆவியின் கதை. காற்றின் கதை சிறிது பின்னால் வருகிறது. பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இடையே அல்ப்ஸ் மலையைக் குடைந்த மொன் செனி சுரங்கப் பாதையே அமுக்கிய காற்றுக்கு உலகப் புகழ் ஈட்டித் தந்தது. 1857இல் கைத்துளையாகத் தொடங்கிய வேலை அது. சொமெயே என்னும் பொறியியலாளரின் காற்றுத் துளைப்பான்கள் 1861 முதல் அங்கே இயங்கின. புகை விடாத, தீ வேண்டாத, குழாய் வழியே எவ்வளவு தூரமும் செல்லக்கூடிய ஆற்றலாகக் காற்று மதிக்கப்பட்டது. அப்பாதை 1871இல் திறக்கப்பட்டது.

காற்று சாதுவானது என்ற எண்ணமும் அக்காலத்திலேதான் பரவியது. ஆவி சுடும், காற்று சுடாது. ஆவி சீறும், காற்றை நாம் மூச்சாகவே கொள்கிறோம். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். 500 லீற்றர் கொள்ளும் ஓர் இரும்புக் கலத்திலே, வளிமண்டலத்தைவிட எட்டு மடங்கு மிகுதியான அமுக்கத்தில், அதாவது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 120 இறாத்தல் அளவில், காற்று அடைபட்டிருப்பதாகக் கொள்வோம். அக்கலம் ஒரே கணத்தில் கிழிந்தால் வெளிப்படும் ஆற்றல், ஆயிரம் கிலோகிராம் நிறையுள்ள ஒரு மோட்டார்க் காரை முப்பது மீற்றருக்கும் மேலே தூக்கிவிடப் போதுமானது. இதே கலத்தை நீரால் நிரப்பி அதே அமுக்கத்துக்கு ஏற்றினால், கலம் கிழிந்தாலும் சிறிது நீர் பீறிடுவதோடு அடங்கிவிடும். நீர் அமுங்காத பொருள். அதனால்தான் புதுக் கலத்தைச் சோதிக்கும்போது நீரை ஏற்றிச் சோதிக்கிறார்கள். காற்றோ சுருட்டிவைத்த வில். நாம் விட்டுவிட்ட பின்பும் அது தன் நீளத்தை மறப்பதில்லை.

காற்றுக்கலத்துக்கு மற்றொரு நோயும் உண்டு. எங்கள் மலைநாட்டு மூடுபனியை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். ஈரக் காற்றை அமுக்கிக் குளிரவிட்டால் அதிலுள்ள ஈரம் நீராகக் கலத்தின் அடியிலே தேங்கும். அடியிலுள்ள குழாயைத் திறந்து நாள்தோறும் அந்நீரை வடித்துவிட வேண்டும். வடிக்காவிடின் இரும்பு உள்ளிருந்தே துருவேறி மெலியும். வெளிப்பூச்சு பளபளவென்றிருக்க, அடித்தகடு அப்பளமாகிவிடும். அந்நிலையிலே காப்பு வால்வு எவ்வளவு நேர்மையாக இயங்கினாலும் பயனில்லை. புதுக் கலத்தின் வலிமைக்கு ஏற்ப வைத்த அளவில் அது திறக்கும். நோயுற்ற கலம் அதற்கு முன்பே கிழியும். கலத்தை அவ்வப்போது உள்ளும் புறமும் பார்க்கவேண்டும் என்று சட்டம் சொல்வது இதனாலேயே.

இனி நம் தேயிலை நாட்டுக்கு வருவோம். ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையிலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. கோப்பிச் செடியை நோய் அழித்தபின் மலைகளெல்லாம் தேயிலையாயின. கோப்பிக் காலத்துப் பண்டசாலையின் பெயரே நிலைத்து, இன்றும் தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் மக்கள் ‘ஸ்டோர்’ என்றே வழங்குகின்றனர். அந்த ஸ்டோரிலே கொழுந்தை உருட்டும் பொறியையும் உலர்த்தும் பொறியையும் இயக்க ஆற்றல் வேண்டும். தொடக்கத்தில் நீர்ச்சக்கரம் சுழன்றது. பின்னர் நீராவிப் பொறி வந்தது. 1884இல் புகையிரதம் சிங்கமலைச் சுரங்கத்துக்கு முன்னுள்ள அற்றன் வரைக்கும், மறு ஆண்டில் நானுஓயா வரைக்கும் வந்தபின் பாரமான இரும்பெல்லாம் மலையேறியது. இருபதாம் நூற்றாண்டிலே எண்ணெய் எஞ்சினும் டீசல் எஞ்சினும் அதன் இடத்தைப் பிடித்தன.

டீசல் எஞ்சினோடுதான் அமுக்கிய காற்று நம் ஸ்டோருக்குள் குடிபுகுந்தது. இது பலர் அறியாதது. அந்தப் பெரிய எஞ்சின்களின் சுழற்சிச் சில்லு ஆளுயரம் இருக்கும். கையால் சுழற்றித் தொடக்கக்கூடிய பொருளன்று. ஆகவே பக்கத்திலே தடித்த இரும்புக் கலமொன்றில் காற்றை அடைத்துவைத்திருப்பார்கள். காற்றுப் போத்தல் என்று அதற்குப் பெயர். காலையிலே சில்லை உரிய நிலையில் நிறுத்தி, போத்தலின் காற்றை எஞ்சினுக்குள்ளே விட்டால், அந்த உந்தலிலே சில்லு ஒரு சுற்று, இரண்டு சுற்று சுழலும். அதற்குள் எண்ணெய் பற்றிக்கொள்ள வேண்டும். பற்றிக்கொண்டால் அன்றைய வேலை தொடங்கும். பற்றாவிட்டால் காற்று வீண். மீண்டும் போத்தலை நிரப்பவேண்டும்.

அமுக்கத்தின் இயல்பு எத்தகையது என்பதை டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த றுடோல்ப் டீசலே தம் உயிரைப் பணயம் வைத்துத்தான் கற்றார். 1893 ஆகஸ்டில் ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரிலே அவர் தம் முதற் சோதனை எஞ்சினை இயக்கியபோது, அதன்மேற் பொருத்தியிருந்த அமுக்கம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. அவர் உயிர் தப்பியது அரிது.

எஞ்சின் அறையிலே நிற்பவரின் நிலையை இப்போது எண்ணிப் பாருங்கள். மலைநாட்டுக் குளிரிலே எஞ்சின் எளிதில் பற்றாது. மேல்மாடியிலே வாடப்போட்ட கொழுந்து காத்திருக்காது. உரிய நேரத்தில் உருட்டாவிட்டால் தேயிலையின் நிறமும் மணமும் கெடும். டீமேக்கர் கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த வேளையில், அரும்பாடுபட்டு அடைத்த காற்றை ‘ஸ்ஸ்’ என்று வெளியே விடுகின்ற அந்தப் பித்தளைத் துண்டு நண்பனாகத் தோன்றுமா? பகைவனாகத்தான் தோன்றும். இன்னும் பத்து இறாத்தல் கூடுதலாக அடைத்தால் எஞ்சின் பற்றிவிடும் என்று மனம் சொல்லும். கிறீன்விச்சிலே திருகுச்சாவி வைத்த கை தொலைவிலுள்ள கை அன்று. அது நம் கையே.

என் தந்தையாரும் அதனைச் செய்தார்.

1970களின் நடுப்பகுதி அது. வெளிநாட்டுப் பொருள்களின் இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடு இருந்த காலம். பாணுக்கு வரிசையிலே நின்றோம். எஞ்சினுக்கு உதிரிப்பாகம் கிடைக்காததைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? அவர் வேலை செய்த ஸ்டோரிலே காற்றுப் போத்தலின் வால்வு தேய்ந்துபோய், உரிய அளவுக்கு வெகு முன்னரே கசியத் தொடங்கிற்று. புதிது வேண்டுமென்று எழுதிக் கேட்டார்கள், வரவில்லை. ஒரு மழைநாளிலே மின்சாரம் தடைப்பட்டது. மாடி நிறையக் கொழுந்து. எஞ்சின் இரண்டு முறை பற்றவில்லை. ‘அதைக் கொஞ்சம் இறுக்கிவிடு, இலை வீணாகிறது’ என்று மேலிடத்தில் ஒருவர் சொன்னார். தந்தையார் திருகாணியை இரண்டு சுற்று இறுக்கினார். அளவுமானியின் முள் சிவப்புக் கோட்டைக் கடந்து நின்றது. மூன்றாம் முறை எஞ்சின் பற்றிக்கொண்டது.

ஒன்றும் நடக்கவில்லை. அன்றும் நடக்கவில்லை, புதிய வால்வு வரும்வரை சென்ற பல மாதங்களிலும் நடக்கவில்லை. அந்நாளிலே யான் சிறுவன். இரவு வேலையின்போது அவருக்குச் சோறு கொண்டுபோய், அந்தப் போத்தலின் அருகிலேயே குந்தியிருந்து கதை கேட்பது என் வழக்கம். ஓய்வு பெற்று நெடுங்காலம் சென்றபின்னரே இதனை எனக்குச் சொன்னார். சொல்லும்போது, ‘வெடித்திருந்தால் எனக்குப் புத்தி வந்திருக்கும், வெடிக்காததனாலே அதுதான் சரியான வழியென்று ஆறு மாதம் நம்பினேன், நீ அங்கே உட்கார்ந்திருந்தாய்’ என்றார்.

வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில் அவர் சொல்லை யான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. வெடித்த கலங்களை வரலாறு எழுதிவைக்கிறது. கிறீன்விச்சு எழுதப்பட்டது. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றிலே 1865இல் கொதிகலங்கள் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சுல்தானா என்னும் கப்பல் எழுதப்பட்டது. அதே நாட்டின் புறொக்டன் நகரத்துச் சப்பாத்துத் தொழிற்சாலையிலே 1905இல் 58 பேர் மாண்டது எழுதப்பட்டது. வால்வை இறுக்கியும் வெடிக்காத இரவுகளை எழுதுவார் எவருமில்லை. எண்ணிக்கையிலே அவைதாம் மிகுதி. ஒவ்வொரு விபத்துக்கும் முன்னே அத்தகைய இரவுகள் பல கிடக்கின்றன. ஒவ்வோர் இரவும் ‘பயமில்லை’ என்று தவறான பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறது. எழுதப்படாத அந்த வரலாற்றுக்கு நேராக நிற்கக்கூடியது ஒன்றே ஒன்று, அது சட்டம். நடந்துவிட்டதைத் தண்டிப்பது மட்டுமன்றி, ஒன்றும் நடக்காத நாளிலே வந்து கேள்வி கேட்பதும் சட்டத்தின் தொழில்.

இங்கிலாந்திலே 1937ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதனை விரிவாக வகுத்தது. காற்றுக்கலம் ஒவ்வொன்றிலும் அது தாங்கத்தக்க அமுக்கம் கண்ணுக்குத் தெரியும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த அளவு கடந்த உடனே காற்றை வெளியேற்றும் வால்வும், பிழையற்ற அளவுமானியும், நீரை வடிக்கும் அமைப்பும் இருக்க வேண்டும். காற்றுக்கலம் எது என்று விளக்கும் இடத்திலே, எஞ்சினைத் தொடக்குவதற்காகக் காற்றையோ எஞ்சின் கழித்த புகையையோ அடைத்துவைக்கும் கலமும் அதில் அடங்கும் என்று அச்சட்டம் தனியாகவே எடுத்துரைக்கிறது. அதைப் படித்தபோது எங்கள் எஞ்சின் அறையை யாரோ எட்டிப்பார்த்து எழுதியதுபோல் எனக்குத் தோன்றியது. நீராவிக் கொதிகலத்தைப் பற்றிய பிரிவிலே இன்னோர் அழகான விதி உண்டு. நெம்புகோல் வால்வாயின், அதன் எடைக்கல் உரிய இடத்திலே அசையாதபடி பிணைக்கப்பட்டிருந்தால் மட்டுமே அதனைக் காப்பு வால்வாகக் கொள்ளலாமாம். பாப்பேன் தொங்கவிட்ட கல்லைக் கட்டிவைக்க ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு சென்றது!

இலங்கையிலே அதன் வழிவந்த தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அரசாங்க சபைக் காலத்தில், 1942இல், 45ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 1950இல். கொதிகலத்தையும் காற்றுக்கலத்தையும் தகுதியுடையோர் காலந்தோறும் சோதிக்க வேண்டுமென்பதும், பரிசோதகர் தொழிற்சாலைக்குள் சென்று பார்க்கலாம் என்பதும் அதனால் நம் நாட்டிலே வழக்காயின.

இந்த ஆண்டுகளைச் சற்றே உற்றுநோக்க வேண்டும். 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டது. மலையகத்துத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். வாக்காளர் பட்டியலிலிருந்து அவர்தம் பெயர்கள் மறைந்தன. மறு ஆண்டிலேயே, எஞ்சின் அருகில் நிற்கும் மனிதனின் உயிரைக் காக்கும் இச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரும்புக் கலத்துக்கு அருகே நிற்பவன் பிரசையா, அல்லனா என்று அது கேட்கவில்லை. அடைபட்ட காற்றும் அதனைக் கேட்பதில்லை. வாக்குச்சாவடியிலே பெயரில்லாத ஒருவன், எஞ்சின் அறைக்குள் நின்ற அளவிலே சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவனாயிருந்தான். எனினும் உரிமை கேட்டு எழுதும் துணிவு வாக்கில்லாதவனுக்கு எவ்வளவு இருந்திருக்கும்? மேலிடம் ‘இறுக்கிவிடு’ என்றபோது மறுத்துச் சொல்லும் வாய் என் தந்தையாருக்கு இருந்ததா? சட்டத்திலுள்ள வால்வுக்கும் ஸ்டோரிலுள்ள வால்வுக்கும் இடையிலே உள்ள தூரத்தை யான் இவ்வாறுதான் அளக்கிறேன்.

கொத்மலையிலே காற்றுப்பொறியின் ஓசை மிகப் பெரிதாக எழுந்தது இதற்குப் பின்னர்தான். மகாவலி பெருந்திட்டத்திலே 1979இல் தொடங்கிய கொத்மலை அணை, சுவீடன் நாட்டு உதவியோடு கட்டப்பட்டு 1985இல் நிறைவெய்தியது. 87 மீற்றர் உயரமான பாறை அடுக்கு அணை. நிலத்துக்கடியிலே 201 மெகாவாட் மின்னிலையம். அதற்கு நீர் கொண்டுசெல்லக் கிலோமீற்றர்க் கணக்கிலே குடைந்த சுரங்கம். பாறையைத் துளைப்பதும் வெடிவைப்பதும் இரவுபகலாக நடந்தன. கடதொர விகாரை நின்ற இடமும் வயல்களும் நீருள் மறைந்தன. அது தனியாகச் சொல்லவேண்டிய துயரம். அங்கே இன்னொரு வகைக் காப்பு வாயிலும் உண்டு. சுரங்கத்திலே விரைந்து வரும் நீரை மின்னிலையத்தார் திடீரென நிறுத்தினால், அந்த நீரின் மோதல் குழாயைப் பிளந்துவிடும். ஆகவே சுரங்கத்தின் முடிவுக்கு அருகிலே செங்குத்தான ஒரு கிணறு அமைப்பார்கள். தடுக்கப்பட்ட நீர் அதற்குள் ஏறி, தணிந்து, இறங்கும். கிணறு ஆயினும் பித்தளைத் துண்டு ஆயினும் கருத்து ஒன்றே.

இன்று ஸ்டோர்களிலே பெரிய டீசல் எஞ்சின்கள் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. காற்றுக்கலமோ ஓயவில்லை, பெருகிவிட்டது. பூண்டுலோயா, தவலந்தென்னை, ரம்பொடை எங்கே போனாலும் டயர் ஒட்டும் கடையிலே ஒரு கொம்பிரசர் துடித்துக்கொண்டிருக்கும். வண்டிக்கு வண்ணம் பூசும் இடத்திலும் உண்டு. அதன் இயக்கம் எளிது. மோட்டார் காற்றைக் கலத்துக்குள் தள்ளும். அமுக்கம் போதிய அளவு ஏறியதும் ஒரு தானியங்கி ஆளி மோட்டாரை நிறுத்தும். அந்த ஆளி ஒருநாள் ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காது, தள்ளிக்கொண்டேயிருக்கும். அப்போது கடைசிக் காவல் அந்த வால்வு ஒன்றே. அதன் வாய் ஒன்றரைச் சென்ரிமீற்றர் அகலமானால், முன்சொன்ன அமுக்கத்திலே காற்று அதனை ஏறத்தாழ 14 கிலோகிராம் பாரத்துடன் மேலே தள்ளும். அந்தப் பாரத்துக்குச் சரியாக வில்லை அமைத்து, வேறு கை நுழையாதபடி முத்திரையிட்டு அனுப்புகிறார்கள். பொறி தள்ளும் காற்று முழுவதையும் வெளியேற்றும் அளவுக்கு வாய் பெரிதாயிருக்க வேண்டும். கலத்துக்கும் வால்வுக்கும் நடுவே அடைக்கும் குழாய் எதுவும் இருத்தலாகாது. தலையிலே ஒரு வளையம் தொங்கும். கலத்தில் அமுக்கம் இருக்கும்போது அதனை இழுத்துப் பார்த்தால் வால்வு உயிரோடு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இழுக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்வது நன்று.

சென்ற ஆண்டு என் பழைய மாணவன் ஒருவனுடைய டயர் கடைக்குப் போயிருந்தேன். வகுப்பிலே என் வரலாற்றுப் பாடத்தை அவன் விரும்பியதாக நினைவில்லை. கலத்தைச் சுற்றிப் பார்த்தேன். வால்வைச் சுற்றிக் கட்டுக்கம்பி இரண்டு மடிப்பாக இறுக்கிச் சுற்றப்பட்டிருந்தது. ‘சும்மா சும்மா காற்றை விடுது, சார். கரண்டுக் காசு வீணாகுது’ என்றான். எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டேன். இரண்டு வருடமாம். ‘ஒன்றும் ஆகலையே, சார்’ என்றான். கடையின் உள்ளே, கலத்திலிருந்து நாலடி தூரத்திலே, அவனுடைய மகள் பள்ளிக் கொப்பியை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

அவனுக்குக் கிறீன்விச்சின் கதையைச் சொல்லவில்லை. என் தந்தையாரின் கதையைத்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டே மோட்டாரை நிறுத்தினான், அடிக்குழாயைத் திறந்தான். காப்பிநிறத் தண்ணீர் ஒரு வாளிக்கு வந்தது. காற்று முழுவதும் போனபின் கம்பியை வெட்டி, வால்வைக் கழற்றி, உள்ளங்கையிலே தட்டினான். வில் துருவோடு துருவாய் ஒட்டி, அசையாமல் இருந்தது. ‘முன்பெல்லாம் சும்மா சும்மா விட்டது. இது எப்ப ஒட்டிச்சு?’ என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். மறுவாரம் நாவலப்பிட்டிக்குப் போய்ப் புதியதை வாங்கிவந்து பூட்டியிருந்தான். கலத்தின் அடித்தகட்டையும் ஒருவரிடம் காட்டிச் சோதிக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதனை இன்னும் செய்யவில்லை.